ஓசூர் டு கிருஷ்ணகிரி: "இடது பக்கம் என்னப்பா தெரியுது?"

ஓசூர் காலையில் விழித்துக்கொள்கிறது என்று சொல்ல முடியாது. அந்த ஊர் தூங்குவதே இல்லை. ஒரு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே டீக்கடையில் எதிரெதிராக நின்று டீ குடிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் வைகாசியில்கூட விடியற்காலைக் காற்று இதமாக இருக்கும். மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம். பனியில் கம்பெனி பஸ்ஸின் விளக்குகள்தான் முதலில் தெரியும். பஸ் பிறகுதான் தெரியும்.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். கடைப் பலகைகளில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அடுத்தடுத்து இருக்கும். நம்பர் பிளேட்டில் டி.என்.70-ம் கே.ஏ.51-ம் கலந்து ஓடும். வண்டியால் வளர்ந்த ஊர் இது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் வந்தது. இன்றைக்கு மாவட்டத்தின் மறுபக்கம் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. மொபெட், பைக், லாரி, ஸ்கூட்டர் என்று ஊரே சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒருவரிடம் போய், "இனிமேல் நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்" என்று சொல்வது, நாகப்பட்டினத்து மீனவரிடம் கடலுக்குப் போகாதே என்று சொல்வது மாதிரி.

அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமையில் பல வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமே இல்லை. முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அப்பா. அவருடைய மனைவி. பெங்களூரில் வேலை செய்யும் இளைய மகள். கிருஷ்ணகிரியில் கல்யாணம் செய்து கொடுத்த மூத்த மகள். வீட்டு வாசலில் எட்டு வருஷத்துப் பழைய கார். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. இடது கை, இடது கால் இழுத்துக்கொண்டன. பக்கவாதம்.

நல்லவேளையாக, அந்த அம்மா சுடுதண்ணீர் கொடுக்கிறேன், எண்ணெய் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்கவில்லை. முகம் கோணினாலோ, கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எல்லையின் இரண்டு பக்கமும் அதே எண்தான். ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெங்களூரில் நரம்பியலுக்குப் பேர்போன நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் முகவரியே ஓசூர் சாலைதான். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் அந்த நாலரை மணி நேரத்தில் எவ்வளவு கரையும் என்பது ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்பா பிழைத்தார். நடக்கிறார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார், அவ்வளவுதான். கை மூடித் திறக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். உப்பைக் குறை, பீடியை விடு, பிசியோதெரபிக்கு வா என்றார்கள். வண்டி எப்போது ஓட்டலாம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இது பல ஆஸ்பத்திரிகளில் நடப்பதுதான். கேட்டால் 'கூடாது' என்று சொல்லிவிடுவார்களோ என்று நோயாளிக்குப் பயம். வெளியே நாற்பது பேர் காத்திருக்க, டாக்டருக்கு அந்தப் பேச்சை எடுக்க நேரமில்லை.

இப்போது மாம்பழ சீசன். மூத்த மகள் வீட்டுக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்தான். ஆனால் ஊருக்கு ரயில் கிடையாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன ரயில்பாதை வந்தது. பிறகு அதையும் மூடிவிட்டார்கள். ஓசூரிலிருந்து சேலம் போகிற ரயில், ராயக்கோட்டை, தருமபுரி வழியாக கிருஷ்ணகிரியைத் தொடாமலே போய்விடும். ஆக, பஸ் அல்லது கார். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து, ரோட்ல என்னென்ன தெரியுதோ சத்தமா சொல்லிக்கிட்டே வாங்க. ஒண்ணு விடாம சொல்லிட்டீங்கன்னா அடுத்த வாரம் டாக்டர்கிட்டப் போய் வண்டி ஓட்டறதைப் பத்திப் பேசலாம்" என்றாள் இளையவள்.

அவருக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் உலகம் முழுக்கக் கையாளும் முறை இது. பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போனால், பார்க்காதது எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய, யாருக்கும் ஆபத்தில்லாத முதல் சோதனை. இது டாக்டர் சோதனைக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி.

பேரண்டப்பள்ளி வரை

"முன்னாடி லாரி. பிரேக் லைட் போட்டான். நடுவுல ஒரு கார், கர்நாடகா வண்டி. வலது பக்கம் டிவைடர்ல செடி. எதிர்ல பஸ். வலது பக்கம் ஒருத்தன் ஓவர்டேக் பண்றான், ஹாரன் அடிக்கறான் பாரு..." அப்பா கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது.

இடது பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு ஆட்டோ மெயின் ரோட்டுக்குள் மூக்கை நீட்டியது. அப்பா சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். சொல்லவில்லை. இடதுபுறம் உரசுகிற மாதிரி ஒரு மொபெட் முந்திக்கொண்டு போனது. அது காருக்கு நேர் முன்னால் வந்த பிறகுதான், "எங்கிருந்து வந்தான் இவன்?" என்றார்.

பக்கவாதத்துக்குப் பிறகு வண்டி ஓட்டுவது என்றாலே எல்லோருக்கும் கையும் காலும்தான் ஞாபகம் வருகிறது. கை பலமாகிவிட்டதா, கால் பிரேக்கை அழுத்துகிறதா? அது பாதிக் கேள்விதான். மூளையின் வலது பாதியில் அடைப்பு வந்தால் உடம்பின் இடது பாதி பலவீனமாகும். அதோடு, பார்வையின் இடது பாதியும் போகலாம். இடது கண் அல்ல. இரண்டு கண்களிலும் இடது பாதி. இன்னொன்று இதைவிட மோசம். கண்ணில் குறையே இருக்காது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கண்டுகொள்ளாது. முதல் வகைக்காரருக்குத் தனக்குப் பாதி தெரியவில்லை என்பது சில நாளில் புரியும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகுவார். இரண்டாவது வகைக்காரருக்குத் திருப்பிப் பார்க்க அங்கே ஏதோ இருக்கிறது என்றே தோன்றாது. இடது நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். வலது கன்னத்தை மட்டும் ஷேவ் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

இடது பக்கமாக வண்டி ஓட்டும் நாடு இது. இங்கே ரோட்டின் இடது பக்கத்தில்தான் உயிர்கள் இருக்கின்றன. நடந்து போகிறவர், சைக்கிள், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர், பூ விற்கும் அம்மா, நிறுத்தி வைத்த லாரி, சர்வீஸ் ரோட்டிலிருந்து நுழையும் வண்டி எல்லாமே இடதுதான்.

இங்கே இன்னொரு வலை இருக்கிறது. நம் ஊர்க் காரில் கியர் இடது கையில், கிளட்ச் இடது காலில். இடது பக்கம் விழுந்தவருக்கு உறவினர் யாராவது, "கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் கார் வாங்கிடுங்க, வலது கையும் வலது காலும் போதும்" என்று யோசனை சொல்வார். நியாயமாகத்தான் தோன்றும். ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் பொருத்தினால் ஒரே கையால் திருப்பவும் செய்யலாம். ஆனால் இடது பக்கம் விழுந்தவர்களிடம்தான் இந்த 'இடது மறதி' அதிகம் வருகிறது. கைக்கும் காலுக்கும் வழி செய்துவிட்டு, மூளை எதைப் பார்க்கிறது என்பதைச் சோதிக்காமல் விட்டால், எந்தத் தடையும் இல்லாமல் ஆபத்துக்குள் போக வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். எட்டு லட்சம், பத்து லட்சம் போட்டுக் கார் வாங்குவதற்கு முன் பார்வைக்கும் கவனத்துக்கும் சோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

வலது பக்கம் விழுந்தவர்களின் கதை வேறு. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் வலது காலில். கால் விறைத்துக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்குக்கு மாற்ற முடியாது. சில சமயம் பாதம் தானாக உதறும். பேச்சும் போயிருக்கலாம். பேச முடியாததால் மட்டும் ஒருவர் ஓட்டத் தகுதியில்லாதவர் ஆகிவிட மாட்டார். ஆனால் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்வதிலும் தடுமாற்றம் இருந்தால், மூன்று மொழிப் பலகைகள் தொங்கும் இந்த எல்லையோரத்தில் 'சேலம் இடது, சர்வீஸ் ரோடு நேர்' என்று கணத்தில் பிரித்தெடுப்பது கஷ்டம்.

யானை கடக்கும் இடம்

பேரண்டப்பள்ளியில் இரண்டு பக்கமும் காடு. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இந்தத் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து போவது உண்டு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ம் எண் நெடுஞ்சாலை இது. நாட்டிலேயே நீளமான சாலை. யானைக்கு அதெல்லாம் தெரியாது. அது அதன் பாட்டன் போன வழியில் போகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் நகரும். யோசித்து முடிவெடுப்பதில் இரண்டு வினாடி தாமதமானால் 44 மீட்டர். நீளமான லாரிகள் இரண்டரையை வரிசையாக நிறுத்தலாம். பக்கவாதம் வந்த பலருக்கு கை, கால், பார்வை எல்லாம் திரும்பி வந்த பிறகும் இந்த வேகம் மட்டும் திரும்பாமல் இருக்கும். வீட்டில் அது தெரியாது. சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போது இரண்டு வினாடி தாமதம் யார் கண்ணுக்குத் தெரியும்? ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போதுதான் வெளியே வரும். நடந்துகொண்டே பேசச் சொன்னால், பேசுவதற்காக நின்றுவிடுவார்கள். வண்டி ஓட்டுவதோ ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலை.

கோபசந்திரம் வந்தபோது அப்பா வர்ணனையை நிறுத்திவிட்டார். தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. "அப்பா?" என்றாள் மகள். "ம்... கொஞ்சம் அசதியா இருக்கும்மா" என்றார். கிளம்பி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததற்கே.

இந்த அசதியைப் பலர் சோம்பல் என்று நினைக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு தனி நோய்க்குறி. நன்றாகத் தூங்கினாலும் வரும். சாதாரணமானவர் யோசிக்காமல் செய்யும் வேலையை அடிபட்ட மூளை யோசித்து யோசித்துச் செய்கிறது, சீக்கிரம் தீர்ந்துபோகிறது. விறைப்புக்குக் கொடுக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவையும் தூக்கத்தைக் கொண்டுவரலாம். எந்த மாத்திரைக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்று மருந்துச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் நேராகவே கேட்க வேண்டும்.

சூளகிரி டீக்கடை

சூளகிரியில் இறங்கினால் முதலில் மூக்குக்குத்தான் ஊர் தெரியும். கொத்தமல்லிக் கட்டுகள். இந்தப் பக்கத்துக் கொத்தமல்லி மாநிலம் தாண்டிப் போகிறது. டெம்போவில் பச்சையாக அடுக்கி, மேலே ஈரச் சாக்கு போட்டிருப்பார்கள். அப்பா இறங்கி ஒரு கட்டு வாங்கினார். பேரம் பேசினார். கணக்கு சரியாகச் சொன்னார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. இவரையா ஓட்ட வேண்டாம் என்கிறோம் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். அதுதான் சிக்கல்.

டீக்கடையில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "காரு வேண்டாம்னா போகுது. எக்ஸல் சூப்பர் இருக்குல்ல, தெரு முனை வரைக்கும் போயிட்டு வரட்டுமே, பாவம்." இப்படிச் சொல்லாத வீடு இல்லை. காரைவிட மொபெட் சின்னது, அதனால் ஆபத்தும் சின்னது என்று ஒரு கணக்கு. உண்மை நேர் எதிர். கார் தானாக நிற்கும். இரண்டு சக்கரத்தை உடம்புதான் நிறுத்த வேண்டும். சமநிலை போன உடம்பு அதைச் செய்யாது. வலது கை பலவீனமானால் ஆக்ஸிலரேட்டரைத் திருகிய கை திரும்பி வராது. இடது கை பலவீனமானால் அந்தப் பக்கத்து பிரேக் போயிற்று. ரத்தம் இளகுவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தால், சின்ன அடிக்கே தலைக்குள் ரத்தம் கசியலாம். பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் சமநிலைக்கு உதவும். ஆனால் அது கால் குறையைச் சரிக்கட்டும் வண்டி. கவனக் குறைக்கு அல்ல.

அதே டீக்கடையில் காதில் விழக்கூடிய இன்னொரு பேச்சும் உண்டு. "எனக்கும் போன மாசம் கை மரத்துப்போய் வாய் குழறுச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." இதை மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். சரியாகிவிட்டதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. பெரிய பக்கவாதம் வரும் அபாயம் அதற்கடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். அந்த இரண்டு நாளில் வண்டியைத் தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவும் வேறொருவர் ஓட்ட. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்படி வந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காமல், இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமாக நிறுத்தி, நான்கு விளக்கும் மின்ன வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

மேலுமலை

சூளகிரியைத் தாண்டினால் மலைகள் நெருங்கி வரும். மேலுமலை என்ற பெயர், விபத்துச் செய்தி படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் சரக்கு லாரிகள், இறக்கத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி வரும் சரக்கு லாரிகள், நடுவில் கார்கள்.

அப்பா மறுபடி சொல்லத் தொடங்கினார். "லாரி... லாரி... டேங்கர்... வலது பக்கம் பஸ்." இடது ஓரத்தில் பஞ்சராகி நின்ற ஒரு லாரி, பின்னால் எச்சரிக்கைக்காகக் கல்லும் இலைக்கொத்தும் வைத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. மகள் வண்டியை வலது பக்கம் எடுத்தபோது, "எதுக்கும்மா திடீர்னு ஒடிக்கிற?" என்று கோபித்துக்கொண்டார்.

லாரி ஓட்டுநருக்கே பக்கவாதம் வந்தால்? பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர் பக்கவாதத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் ஓட்டக் கூடாது. ஒரு மாதத்துக்குப் பிறகும் குறை இருந்தால் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுகிறவருக்கு ஒரு வருஷம். ஆஸ்திரேலியாவில் காருக்கு நான்கு வாரம், தொழில்முறை ஓட்டுநருக்கு மூன்று மாதம். இந்தியாவில் பக்கவாதத்துக்கென்று இத்தனை நாள் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. அப்படியே இருந்தாலும், தினக்கூலிபோல ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒரு டிரைவர் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. நோயை மறைத்துக்கொண்டு ஏறுகிறவரைத் திட்டுவது சுலபம். குடோனிலோ ஆபீஸிலோ வேறு வேலை மாற்றிக் கொடுக்கும் முதலாளி இருந்தால் அவர் ஏன் மறைக்கப் போகிறார்?

டோல்கேட் கேட்காத கேள்வி

குருபரப்பள்ளி தாண்டினால் போலுப்பள்ளி. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட தமிழகத்தின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதும் இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அந்தத் திட்டத்தில் உண்டு. பக்கவாதத்துக்கு முதல் காரணமே கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் என்பதால், அந்த மாத்திரைப் பை ஒரு விதத்தில் சாலைப் பாதுகாப்புத் திட்டமும்தான்.

அடுத்து கிருஷ்ணகிரி டோல்கேட். ஃபாஸ்டேக் 'பீப்' என்றது, கட்டை எழுந்தது. வண்டிக்குப் பணம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். ஓட்டுகிறவர் சரியாக இருக்கிறாரா என்று பார்க்காது. சட்டைப் பையில் இருக்கும் லைசென்ஸ் அட்டையும் அப்படித்தான். அப்பாவுக்கு 52 வயதில் புதுப்பித்த அட்டை. அந்த வயதில் புதுப்பித்தால் 60 வரை செல்லும். நடுவில் பக்கவாதம் வந்தது அட்டைக்குத் தெரியாது.

ஆனால் சட்டம் ஒன்றும் கண்டுகொள்ளாமல் இல்லை. லைசென்ஸ் கேட்கும்போது நிரப்பும் படிவம் 1-ல் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா, கை கால் அசைவிலோ பலத்திலோ குறை உண்டா, நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்றெல்லாம் கேள்வி இருக்கிறது. பலர் அதை பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிடுகிறார்கள். அவன் வரிசையாக 'இல்லை, இல்லை' என்று டிக் போட்டுவிடுவான். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1ஏ-யும் வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, ஒருவர் நோயால் ஓட்டத் தகுதியிழந்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம். லைசென்ஸை ரத்தும் செய்யலாம். தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டுவது 186-வது பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 1,000 ரூபாய் வரை, அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது. விபத்து நடந்து ஒருவர் செத்துப்போனால் அதன் பிறகு வரும் கேள்விகள் சின்னதாக இருக்காது.

சரி, யாரிடம் போவது? வைத்தியம் பார்த்த நரம்பியல் டாக்டரிடம், "வண்டி ஓட்டலாமா?" என்று கேட்பதைவிட, "ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது நல்லது. கண் மருத்துவமனையில் எழுத்து படிப்பதோடு விடாமல் பார்வைப் பரப்பை அளக்கும் 'ஃபீல்டு டெஸ்ட்' எடுக்கச் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார். தாளில் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களில் சின்னவற்றை மட்டும் அடிக்கச் சொல்வார். 1-அ-2-ஆ என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வார். ஒரு கடிகாரம் வரையச் சொல்வார். இடது மறதி இருப்பவரின் கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வலது பக்கமே நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இதே கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டில் திரும்பினால் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் 1966-ல் மறுவாழ்வு மையம் தொடங்கியபோது அதன் பின்னால் நின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். உடம்பு இழந்ததைப் பற்றி மட்டும் பேசாமல், மிச்சம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்கும் மருத்துவம் இந்த மண்ணில் அப்படித்தான் வேர்விட்டது. பக்கவாதம் வந்தவர்களில் பலர் மறுபடி ஓட்டுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாளில் தேறியவர் நேராக நெடுஞ்சாலைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். பயிற்றுநர் பக்கமும் பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் காரில், ஷிப்ட் மாறாத நேரத்து சிப்காட் உள்சாலை மாதிரி அமைதியான இடத்தில் தொடங்கலாம். பிறகு பகலில், தெரிந்த ரோட்டில், அரை மணி நேரம். இரவும் மழையும் மேலுமலையும் கடைசியில். நடுவில் ஒரு தடவை வலிப்பு வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மூத்த மகள் வீட்டில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வண்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டு. வாசலில் பேரன் ஓடி வந்தான். "தாத்தா, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" அப்பா பதில் சொல்லவில்லை. கொத்தமல்லிக் கட்டை அவன் கையில் கொடுத்தார்.

இளையவள் வழியில் எண்ணி வைத்திருந்தாள். இடது பக்கம் அவர் சொல்லாமல் விட்டவை பதினொன்று. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று அக்காவிடம் சமையலறையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் இலை போட்டார்கள். கூடையில் மாம்பழம் மணத்தது. அப்பா சாதத்தைப் பிசைந்து, குழம்பு ஊற்றிக்கொண்டு, வலது ஓரத்துப் பொரியலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். பாதி சாப்பிட்டதும் நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஊறுகாய் வைக்கலையா? மாங்காய் சீசன்ல மாங்காய் ஊறுகாய் இல்லாமலா?"

பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இலையின் இடது மூலையில் உப்பு, அதன் பக்கத்தில் ஊறுகாய், இனிப்பு, வடை எல்லாம் கைபடாமல் வைத்தபடியே இருந்தன. சாதக் குவியலில்கூட இடது பாதி அப்படியே நின்றது.

"வெச்சிருக்குங்க" என்றார் அம்மா. குனிந்து இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

அப்பா இலையைப் பார்த்தார். ஊறுகாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வேட்டி மடிப்பிலிருந்து கார் சாவியை எடுத்து, இளைய மகள் பக்கமாகத் தரையில் நகர்த்தி வைத்தார்.

"அந்த டாக்டரு... திங்கக்கிழமை இருப்பாரா?" என்று கேட்டார்.